எப்சியின் இரண்டு நாட்கள்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நாளையிலிருந்து ஒரு வாரம் எஃகைக் கெட்டியாக்குகிற மெஷின் எங்களுக்கு. திங்கள் முதல் வியாழன் வரை எனக்கு, வெள்ளியும் சனியும் எப்சிபாவுக்கு. இருக்கிற ஒரே மெஷினுக்கு எத்தனை டிபார்ட்மெண்ட் வரிசையில் நிற்கிறது! இதை விட்டால் அடுத்தது மார்ச்சில்தான்.

சாயங்காலம் முழுக்க ஹாஸ்டல் அறையில் இரண்டு பேரும் சாம்பிள் தேய்த்துக்கொண்டிருந்தோம். பத்து ரூபாய்க் காசு அளவு எஃகு வில்லைகள். முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு வர வேண்டும். என்னுடையவை பேரிங் எஃகு. எப்சியுடையது தோல் சீவுகிற பட்டைக் கத்தியிலிருந்து வெட்டியது. அவள் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் அந்தக் கத்தியோடுதான் முப்பது வருஷம் நின்றிருக்கிறார். "அப்பா ஒரு ஷிஃப்டுக்குள்ள எத்தனை தடவை கத்திய சாணை புடிப்பாரு தெரியுமா? அத பாதியாக்கிட்டா போதும்டி எனக்கு," என்றாள்.

அம்மா ஃபோனில் மறுபடியும் அதே கேள்வி. "இரும்புல நீ என்னதான் பண்ற கண்ணு?" நைட்ரஜனை மின்சாரத்தால் உடைத்து, அசுர வேகத்தில் ஓட்டி, எஃகின் தோலுக்குள் செருகுகிறோம் அம்மா, பெயிண்ட் மாதிரி மேலே பூசுவதில்லை, அதனால் உரிந்து வராது, தலைமுடித் தடிப்பில் நூறில் ஒரு பங்கு ஆழம்கூடப் போகாது, ஆனால் அந்த மேல்தோல் கெட்டியானால் சீக்கிரம் தேயாது என்றேன். "செரி, எப்ப முடியும்?" என்றாள். ஏப்ரலில் என் பிஎச்.டி. பதிவு முடிகிறது. ஏற்கனவே ஒருமுறை நீட்டித்தாயிற்று. இனி நீட்டிக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 19

காலையில் எப்சி பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஃபோன். அப்பாவுக்கு ஸ்ட்ரோக். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது. கையில் கிடைத்த இரண்டு சுடிதாரைப் பையில் திணித்தாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். ஏறுகிற நேரத்தில் சாம்பிள் டப்பாவை என் கையில் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமை நீயே ஏத்திடு சாரு. செட்டிங் எல்லாம் உள்ள பேப்பர்ல எழுதி வெச்சிருக்கேன். ஜோதிலிங்கம் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். முதல்ல ஆழமா, அப்புறம் மேலாக, நடுவுல நல்லா ஆறவிடணும், மறந்துடாத."

மதியம் என் சாம்பிளை மெஷினில் வைத்தோம். வெற்றிடம் ஏறவே இல்லை. பம்ப்பில் கோளாறு.

ஆகஸ்ட் 20

பம்ப்பைக் கழற்றியிருக்கிறார்கள். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஜோதிலிங்கம் அண்ணன் ஸீல் வாங்க அம்பத்தூர் போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 21

இன்றும் இல்லை. எப்சியிடம் பம்ப் விஷயத்தைச் சொல்லவில்லை. இருக்கிற கவலையில் இது வேறு எதற்கு.

துணி துவைத்தேன். அவள் போர்வையையும் சேர்த்துத் துவைத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

சாயங்காலம் பம்ப் சரியாகிவிட்டது. என் நான்கு நாளும் போன பிறகு.

சார் ரூமுக்குக் கூப்பிட்டார். எங்கள் கைடு வள்ளியப்பன் சார் கோபிக்கிற ஆள் இல்லை. இன்றைக்கும் மெதுவாகத்தான் பேசினார். "பாரும்மா, மிச்சம் இருக்கிறது எப்சிபா நாள். அவகிட்ட கேளு. அவ சரின்னா உன்னோடதை ஏத்து. இல்லேன்னா அவளோடதுதான். உங்களுக்குள்ள பேசிட்டு வந்து சொல்லு."

எப்சிக்கு ஃபோன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் சிக்னல் இருக்காது.

அரை மணி கழித்து சார் ரூமுக்குப் போய்ச் சொன்னேன்.

ஆகஸ்ட் 23

என் வில்லைகளை ஏற்றினோம். நைட்ரஜன் பீம் நன்றாக வந்தது. ஜோதிலிங்கம் அண்ணன் மெஷினை எப்சியின் கணக்குக்கே தயார் செய்து வைத்திருந்தார். மாற்றட்டுமா, அரை நாள் போகும் என்றார். அப்படியே இருக்கட்டும் என்றேன். முதலில் ஆழமாக, பிறகு மேலாக, நடுவில் ஆறவிட்டு.

எப்சிக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பதிவு இருக்கிறது. அவளுக்கு அவசரம் இல்லை.

ஆகஸ்ட் 24

மிச்ச சாம்பிள்களும் முடிந்தன. கழற்றும்போது விளிம்பில் லேசாகப் பொன்னிறம் ஓடியிருந்தது. அழகாக இருந்தது.

சாயங்காலம் எப்சி கூப்பிட்டாள். அப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம், தண்ணீர் விழுங்குகிறாராம். பிறகுதான் கேட்டாள், "என்னோடது ஓடுச்சா?" புதன்கிழமையே பம்ப் போய்விட்டது, என்னுடையதை அதற்கு முன்னாலேயே முடித்துவிட்டேன், உன்னுடையதற்குள் சரியாகவில்லை என்றேன். "பரவால்ல விடு. மெஷின் போனா நீ இன்னா பண்ணுவ," என்றாள்.

தலைக்குக் குளித்தேன். தலைவலி போகவில்லை.

செப்டம்பர் 3

மெஸ்ஸில் இட்லி கல். லேபில் ஏர்கண்டிஷன் ஒழுகி, கீழே வாளி வைத்திருக்கிறோம். எப்சி சாம்பிள் டப்பாவை என் மேஜையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். மேஜையில் இடம் இல்லை.

செப்டம்பர் 12

எப்சி வந்திருக்கிறாள், மூன்று நாளைக்கு. மெலிந்துவிட்டாள். கேண்டீன், லேப், லைப்ரரி என்று அவள் போகிற இடமெல்லாம் கூடவே போனேன். "இன்னாடி வால் மாதிரி சுத்தற?" என்று சிரித்தாள். ஜோதிலிங்கம் அண்ணன் அப்பாவைப் பற்றி விசாரிக்க வந்தார். நானே முந்திக்கொண்டு பேசி அவரை அனுப்பினேன்.

செப்டம்பர் 13

கடினம் பார்க்கிற கருவியில் எனக்கு எப்போதும் கை நடுங்கும். ஆழம் குறைவான தோல் என்பதால் மிக லேசான எடையில் வைரமுனையை அழுத்தி, விழுகிற தழும்பை மைக்ரோஸ்கோப்பில் அளக்க வேண்டும். "தள்ளு, நான் பாக்கறேன்," என்று எப்சி உட்கார்ந்தாள். பீம் படாத எஃகு முதலில், பட்டது அடுத்து. அளந்தாள், மறுபடி அளந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இவ்ளோ ஏறியிருக்கு! இன்னா செட்டிங் போட்ட?"

உன்னுடையதைத்தான் போட்டுப் பார்த்தேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "அப்போ வேலை செய்யுது பாருடி! நான் சொன்னேன்ல, ஆறவிட்டு அடிச்சா உள்ள இருக்கற எஃகு இளகாதுன்னு சொன்னேன்ல!" நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு உட்கார்ந்து, சாயங்காலம் வரை என் சாம்பிள்கள் அத்தனையையும் அளந்து கொடுத்தாள்.

செப்டம்பர் 14

எப்சி ஊருக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

செப்டம்பர் 30

சார் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த ரெண்டு படி யோசனை எப்படிம்மா தோணுச்சு?" என்றார். எப்சியும் நானும் பேசிக்கொண்டது சார் என்றேன். பேசிக்கொண்டது என்பது பொய் இல்லை.

அக்டோபர் 17

எப்சியின் மெசேஜ். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது, சேர்ந்துவிட்டாள். "கையில ரிசல்ட்டுன்னு ஒண்ணு இருந்தா வீட்ல காட்டி இன்னும் கொஞ்ச நாள் கேட்டிருப்பேன். வெறுங்கையோட எத காட்டறது? மார்ச் வரைக்கும் எப்படி சும்மா இருக்கறது? என் பெட்டிய மட்டும் பாத்துக்கோ."

மூன்று முறை பதில் அடித்து அழித்தேன். கடைசியில் வாழ்த்துகள் என்று அனுப்பினேன். பூங்கொத்துப் படம் வேறு.

அக்டோபர் 18

ஆகஸ்ட் 22 அன்று இந்த நோட்டில் 'எப்சிக்கு ஃபோன் போட்டேன்' என்று எழுதியிருக்கிறேன். போடவில்லை.

அக்டோபர் 19

நேற்று ஒரு வரியோடு மூடி வைத்துவிட்டேன். மிச்சத்தையும் எழுதுகிறேன். அன்றைக்கு மதியம் எப்சியே மெசேஜ் அனுப்பியிருந்தாள். 'நாளைக்கு என்னோடது ஏத்திடுவேல்ல?' சார் கூப்பிடுவதற்கு முன்பே அதைப் படித்துவிட்டேன். சார் கேளு என்று சொன்ன பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். ஃபோன் கையில்தான் இருந்தது. சிக்னலும் இருந்தது. அரை மணி நேரம் அவள் பேரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு சாரிடம் போய், "அவ சரின்னுட்டா சார்," என்றேன். "நல்ல பொண்ணு," என்றார்.

யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 4

மழை. ஹாஸ்டல் வாசலில் முழங்கால் தண்ணீர். கட்டுரையின் முதல் வடிவத்தை முடித்து சாருக்கு அனுப்பினேன்.

நவம்பர் 15

சார் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். கடைசியில், நன்றி சொல்கிற பத்தியில், ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'தனக்கு ஒதுக்கப்பட்ட நாட்களை மனமுவந்து விட்டுக்கொடுத்த எப்சிபாவுக்கு.'

அந்த வரியை எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன்.

நவம்பர் 18

வரி திரும்ப வந்திருக்கிறது. லேபில் சார் கேட்டார், "ஏம்மா எடுத்தே? அந்தப் பொண்ணு செஞ்சது சின்ன விஷயமா? அப்பா ஆஸ்பத்திரியில கிடக்கும்போது தன்னோட நாளைக் குடுத்திருக்கா. யார் குடுப்பாங்க?" இடம் பற்றாது சார் என்று உளறினேன். "ஒரு வரிக்கா?" என்றார். அடுத்த வாரம் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பும்போது எப்சிக்கும் ஒரு பிரதி தானே மெயில் போடப்போகிறாராம். "சந்தோஷப்படுவா."

நவம்பர் 21

சாரிடம் சொல்லலாமா, எப்சியிடம் சொல்லலாமா, இரண்டு பேரிடமும் சொல்லாமல் கரூருக்கு அம்மாவிடமே போய்விடலாமா என்று மாற்றி மாற்றி யோசிக்கிறேன். சார் அந்த வரியைச் சேர்க்காவிட்டால் நான் சொல்வேனா? தெரியவில்லை.

தெரியும். சொல்லமாட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

ஆம்பூர் போய்வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலை ரயிலில் போனேன். வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள் எப்சி. ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, கம்பெனி மேனேஜர் பேசுவதுபோலப் பேசிக் காட்டிக்கொண்டே ஓட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கவனிக்கவில்லை.

வீட்டில் அவள் அப்பா ஜன்னல் ஓரமாக நாற்காலியில் இருந்தார். வலது கையை மடியில் எடுத்து வைத்திருந்தார்கள். பேச்சு மெதுவாக வருகிறது. "நல்லாக்கீறியாம்மா? நீதானே அங்க எங்க பொண்ண பாத்துக்கின," என்றார். அவள் அம்மா கத்திரிக்காய்க் குழம்பும் மீனும் செய்திருந்தார்கள். சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்தால் அது வேறு ஒரு பேச்சாகிவிடும். ஒவ்வொரு கவளத்துக்கும் அந்த அம்மா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டார்கள்.

பிறகு மொட்டைமாடிக்குப் போனோம். எப்சி காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். நின்றுகொண்டே சொன்னேன்.

"எப்சி, ஆகஸ்ட்ல பம்ப் சரியாயிடுச்சு. வியாழக்கிழமை சாயங்காலமே."

"எந்த வியாழக்கிழமை?"

"உன் நாளுக்கு முன்னாடி. சார் உன்கிட்ட கேக்கச் சொன்னாரு. நான் கேக்கல. நீ சரின்னு சொல்லிட்டதா சொன்னேன். வெள்ளி, சனி ரெண்டு நாளும் என்னோடதை ஏத்தினேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

மடித்துக்கொண்டிருந்த வேட்டியை அவள் கீழே வைக்கவில்லை. "ரெண்டு நாளும் ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"என் செட்டிங்ல."

"ஆமா."

"நான் உக்காந்து அளந்தேனே, அது என் நாள்ல ஓடுனது."

"ஆமா."

வேட்டியை மடித்து முடித்தாள். அடுத்ததாக ஒரு துண்டை எடுத்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று சொல்வாள், அழுவாள், நானும் அழுவேன் என்று ரயிலில் வரும்போதே மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"நீ கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன் சாரு. எனக்கு அது வேணும். அப்பா விழுந்துட்டாரு, இனிமே வீட்ல என்னை ரொம்ப நாள் விடமாட்டாங்கன்னு பஸ்லயே எனக்குத் தெரியும். அந்த ரெண்டு நாள்தான் எனக்கு இருந்துச்சு. அது உனக்கும் தெரியும். அதான் நீ கேக்கல."

மன்னிச்சுடு என்றேன். அவள் துண்டை உதறி மடித்தாள்.

"இதை ஏன் இப்ப வந்து சொல்ற? மூணு மாசம் சும்மா இருந்துட்டு?"

சார் சேர்த்த வரியைப் பற்றிச் சொன்னேன். அதை மறைக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. சொல்லிவிட்டேன். அவள் ஒரு மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மனமுவந்து," என்றாள். "சாருக்கு ஃபோன் போடு. இப்பவே, இங்கயே. ஸ்பீக்கர்ல."

போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், சார் தூங்கி எழுந்த குரலில் பேசினார். எப்சிக்குச் சொன்னதையே மறுபடி சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். எளிதாக இல்லை. சார் முழுவதையும் கேட்டார். "எப்சிபா பக்கத்துல இருக்காளா?" என்றார்.

"இருக்கேன் சார்."

"நானே உனக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கணும்மா. கேக்கல. என் தப்பும்தான்." பிறகு என்னிடம், "நாளைக்கு ரூமுக்கு வா," என்றார். வாம்மா என்று சொல்லவில்லை.

எப்சி என்னை ஸ்டேஷனில் விடவில்லை. ஆட்டோ பிடித்தேன். கிளம்பும்போது அவள் அம்மா ஒரு டப்பாவில் மீன் கொடுத்தனுப்பினார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 25

சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். முடிவை மட்டும் சொன்னார். கட்டுரை இப்போது போகாது. போகும்போது எப்சியின் பெயர் முதலில் இருக்கும், யோசனை அவளுடையது என்று எழுதவேண்டும். மார்ச்சில் என் பெயரில் இருக்கிற வாரம் அவளுக்கு. "உன் பதிவை இன்னொரு முறை நீட்டிக்க நான் கமிட்டிகிட்ட போய் நிக்கமாட்டேன். நீயா எழுதிப் பாரு, குடுத்தா குடுக்கட்டும்."

சரி சார் என்றேன்.

டிசம்பர் 9

கமிட்டி மறுத்துவிட்டது. ஏப்ரலோடு என் பதிவு ரத்து. வேண்டுமானால் புதிதாகச் சேரலாம், முதல் வருஷத்திலிருந்து.

அம்மாவிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன், மழுப்பாமல். அம்மா, "அந்தப் புள்ள அப்பன் இப்ப நடக்கறாரா?" என்று கேட்டாள். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 20

லேபில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஜோதிலிங்கம் அண்ணன் மட்டும் கேட்டார், "நான் செட்டிங்கை மாத்தட்டுமான்னு கேட்டேனேம்மா, அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" அவர் பாவம், தன்மேலும் தப்பு இருக்குமோ என்று பயந்திருக்கிறார். உங்கள்மேல் ஒன்றும் இல்லை அண்ணே என்றேன்.

பிப்ரவரி 27

எப்சி கம்பெனியில் ஒரு வாரம் லீவு வாங்கிவிட்டாள் என்று சார் சொன்னார். மெஷினை ஓட்டும்போது கூட ஒரு ஆள் வேண்டும். எங்கள் லேபில் அந்த மெஷின் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "அவகிட்ட கேட்டேன். நீ வந்தா ஆட்சேபம் இல்லைன்னா," என்றார். "கேட்டேன்" என்பதை அழுத்திச் சொன்னாரா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா?

மார்ச் 10, திங்கள்

எப்சி வந்துவிட்டாள். ஹாஸ்டலில் என் அறைக்கு வரவில்லை, சித்தி வீட்டில் தங்கியிருக்கிறாள். வில்லைகளைப் புதிதாகத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். என் அலமாரியில் இருந்த டப்பாவைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தாள். ஓரங்களில் துரு பிடித்திருந்தது. மூடி ஓரமாக வைத்தாள்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "கோலை ஊணிக்கினு வாசல் வரைக்கும் வராரு," என்றாள்.

மார்ச் 12

பம்ப் ஒழுங்காக ஓடியது. பீம் எடுத்தோம். எப்சி வில்லைகளைத் தானே தட்டில் பொருத்தினாள். உதவிக்குக் கை நீட்டினேன்.

"சாம்பிளை நீங்க தொட வேண்டாம். கரண்ட் மட்டும் பாத்துச் சொல்லுங்க."

நீங்க. அறையில் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஐந்து வருஷமாக 'டி' போட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

கரண்டைப் பார்த்துச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். ஆறவிட்டோம். இரண்டு பேரும் கண்ணாடிச் சன்னலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, எஃகு சூடு தணிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி ஏற்றினோம்.

மார்ச் 15

கத்தி எஃகு நன்றாகக் கெட்டிப்பட்டிருக்கிறது, என்னுடையதைவிடவும். சார் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழவே இல்லை. எப்சி வெளியே போய் அப்பாவுக்கு ஃபோன் செய்தாள். கதவு வழியாக அவள் சத்தமாகப் பேசுவது கேட்டது. "ஆமாப்பா, நம்ம கத்திதான்! நம்ம கத்திதான்பா!" எனக்கு அழுகை வந்தது. உள்ளே போய்த் தட்டுகளைத் துடைத்தேன்.

சாயங்காலம் அவள் பெட்டியை வாங்க ஹாஸ்டலுக்கு வந்தாள். ஆட்டோ வரை நான் தூக்கிக்கொண்டு போனேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு நின்றேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வரேங்க," என்றாள் எப்சி.

"போயிட்டு வாங்க," என்றேன்.